என் மொழியை என் மொழியில் எழுதுங்கள்

கேரளத்தில் குடியுரிமை கேட்டு வருகிறவர்களை நேரில் உட்காரவைத்து விசாரிக்கும் எல்லா அதிகாரிகளுக்கும்,

வணக்கம் ஐயா, அம்மா.

நான் குளத்துப்புழைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் பால் வெட்டுகிறார். நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகி இங்கே வந்தது 2011-ல். இந்தியக் குடிமக்களைக் கட்டிக்கொண்டவர்கள் ஏழு வருஷம் இங்கே வாழ்ந்திருந்தால், பதிவு செய்து குடியுரிமை பெற 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. அந்த ஏழு வருஷமும் விசா நீட்டித்து, போலீசில் பதிவு செய்து, ஒருநாள்கூடத் தவறாமல் இருந்துவிட்டு 2019-ல், அரசு இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்தில் போய் விண்ணப்பித்தேன். சில மாதம் கழித்துப் போன் வந்தது. "நாளெ வரணம், மொழி எடுக்கணம்."

மொழி எடுப்பது என்றால் மலையாளப் பரீட்சை என்று நினைத்துவிட்டேன். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் தூங்கின பிறகு அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்துவைத்து விடியும்வரை எழுத்துக் கூட்டினேன். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம் என்று மறுநாள் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இந்தக் கடிதமே அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். எந்த அலுவலகம், யார் என்று நான் எழுதப்போவதில்லை. ஒருவரைப் பிடித்துக் கொடுப்பதால் எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இலங்கையிலிருந்து ஒரு பெண்ணை இவ்வளவு தூரம் ஏன் கட்டிக்கொடுத்தார்கள் என்பது உங்களில் பலருக்குச் சந்தேகமாகப் படுகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஆட்களை ஒரே அடியாக நாடில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று முடிவு. என் தாத்தாவின் தங்கை இந்தியா வந்த கணக்கில் சேர்ந்தார். தாத்தா தங்கிவிட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் அந்தப் பாட்டி குடும்பத்துக்குப் புனலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. திரும்பி வந்தவர்களுக்காக மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-ல் தொடங்கிய ரப்பர்த் தோட்டக் கம்பெனி அது. அந்தப் பாட்டியின் பேரன்தான் என் வீட்டுக்காரர். தாத்தாவும் பாட்டியும் சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள், மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. விட்டுப்போன உறவைச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. இதைச் சொன்னபோது விசாரித்த அதிகாரி உடனே தலையாட்டினார். முறைப்பெண் என்பது கேரளத்திலும் தெரிந்த வழக்கம்தானே, அவர்கள் முறப்பெண்ணு என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்யாணம் உண்மையா என்று நீங்கள் விசாரிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. குடியுரிமைக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறவர்கள் இருக்கலாம், பார்க்கத்தான் வேண்டும். எங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். அவர் எத்தனை மணிக்கு எழுவார்? மூன்றரைக்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மலை ஏறுவார், வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது. இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னோம். அவருடைய சட்டைகளை ஏன் தனியாகத் துவைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன், ரப்பர்ப் பாலின் நாற்றம் மற்றத் துணியில் ஏறிவிடும். "ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டீர்கள்?" என்ற கேள்வி மட்டும் வேண்டாமாயிருந்தது. இரண்டு முறை கலைந்ததை ஓர் அந்நிய ஆளிடம், பாதி புரிகிற மொழியில், எப்படிச் சொல்வது?

அப்புறம் வீட்டுப் பெயர். கேரளத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் வீட்டுப் பெயர் கேட்கிறது. எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஏது பெயர்? லயன் என்கிற வரிசை வீட்டுக்கு ஓர் இலக்கம், அதில் காம்பரா என்கிற அறைக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான். இலங்கைப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வரும் என்பதால் அதையே வீட்டுப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அது சின்ன விஷயம், பின்னால் திருத்தியாயிற்று. பெரிய விஷயம் வேறு.

"சிலோணில் நின்னு எங்ஙனெ வந்நு?" என்று அந்த அதிகாரி கேட்டார், சிலோனிலிருந்து எப்படி வந்தது என்று. வீட்டுக்காரரின் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டி குடும்பத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "கப்பல்ல வந்தாங்க சார்" என்றேன். "பிரஷ்ணம் ஆயிருன்னோ அவிடெ?" "ஆமாம் சார், பிரச்சினைதான்." அவர் எழுதிக்கொண்டார்.

இதில் அவர் மேல் பழி சொல்ல முடியாது. தமிழில் வந்தேன் என்றால் நான், வந்தார்கள் என்றால் அவர்கள். வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். மலையாளத்தில் நான் வந்தாலும் அவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் 'வந்நு' ஒன்றுதான், யார் என்பதை முன்னால் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொன்ன 'வந்தாங்க' அந்தத் தாளில் வெறும் 'வந்நு' ஆனது. யார் வந்தது என்பது விழுந்துபோய், கப்பலில் வந்தவள் நான் என்றாகிவிட்டது. கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில், விசாவோடு வந்த முத்திரை என் பாஸ்போர்ட்டில் இருந்தது. அந்தப் பாஸ்போர்ட் அதே மேசையில்தான் கிடந்தது.

இரண்டு பக்கம் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எல்லாம் மலையாளம். விரலை வைத்து இடம் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கோபப்படுவாரோ என்று பயம். உங்களுக்கு முன்னால் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022-ல் ஒரு கடிதம் வந்தது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்ததாகத் தெரிகிறது, விளக்கம் தரவும் என்று. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள் மட்டும்தான் கேட்க முடியும். ஆகவே என் வாக்குமூலத்தை என் வீட்டுக்காரர் மனுப் போட்டு வாங்கினார். அதை வாசித்தது எங்கள் மகள். நாலாம் வகுப்பு, மலையாள மீடியம். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள். நடுவில் நிமிர்ந்து, "அம்மா, அபயார்த்தின்னா என்ன?" என்றாள்.

அகதி. அபயார்த்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கப்பலில் வந்தார் என்று எழுதியிருந்தது.

அகதி என்பது இழிவான சொல் என்று நான் நினைக்கவில்லை. யுத்தத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தோணி ஏறி வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வழி திறக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் சட்டம் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பாருங்கள். செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்டவர் இந்தியரைக் கட்டியிருந்தாலும் பதிவு செய்துகொள்ள முடியாது. அதோடு நிற்கவில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்பா இந்தியராக இருந்தாலும், அம்மா சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் வரும் குடியுரிமை கிடையாது. புனலூரில் பிறந்து, எங்களுக்கு மலையாளம் வாசித்துக் காட்டுகிற பிள்ளையின் நாடும் அந்த ஒரு 'வந்நு'வில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அவள் தூங்கினாள், நாங்கள் தூங்கவில்லை.

விளக்கம் எழுதி, பாஸ்போர்ட் முத்திரைகளை வரிசையாக நகலெடுத்து வைத்து, மறுபடி அழைப்பு வர 2024 ஆகிவிட்டது. இந்த முறை விசாரித்தவர் ஒரு அம்மா. நான் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "ஏது பாஷயா சௌகரியம்?" தமிழ் என்றேன். பக்கத்து அறையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் மலையாளத்தில் சொன்னார், அந்த அம்மா எழுதினார். முடிந்த பிறகு ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் வாசித்து "சரியாம்மா?" என்று கேட்டார்கள். இரண்டு இடத்தில் இல்லை என்றேன். அடித்துத் திருத்தி, பக்கத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். வெளியே வந்து அலுவலக வாசல் மரத்தடியில் உட்கார்ந்து நான் அழுதேன். வீட்டுக்காரர் ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துவிட்டார்.

அந்த அம்மா செய்ததை நீங்கள் எல்லோரும் செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தயவு பார்த்து யாரோ ஒருவர் செய்கிற காரியமாக அது இருக்கக் கூடாது, வழக்கமாக வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறையைச் சொல்லி மனுக் கொடுக்க நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்கிறது. அங்கே குடிமக்கள் என்று போடவில்லை, எவரும் என்று போட்டிருக்கிறது. கல்யாண வழியில் இல்லாமல், நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததை வைத்துக் கேட்கிற இயல்புரிமை வழியில் வருகிறவர்களுக்குச் சட்டம் மொழியறிவு கேட்கிறது, அதற்குக்கூட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு மொழி போதும். தமிழ் அதில் இருக்கிறது.

ஆளுக்கும் பஞ்சம் இல்லை. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் என்றே கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. இந்த மலையைத் தாண்டினால் செங்கோட்டை. 1956 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். தென்மலையிலும் ஆரியங்காவிலும் டீக்கடையில் இரண்டு மொழியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. விசாரணை அறைக்குள் மட்டும் ஒன்று வெளியே நிற்க வேண்டுமா?

கேட்பதற்கு முன் எந்த மொழி வேண்டும் என்று கேளுங்கள். எழுதியதை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டுங்கள், வாசித்துக் காட்டியவர் பெயரையும் தாளின் அடியில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டவரிடம் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள், அது அவர் சொன்ன வார்த்தை. இவ்வளவுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

என் விண்ணப்பத்தை ஏற்பதாக இப்போது கடிதம் வந்திருக்கிறது. இலங்கைக் குடியுரிமையைத் துறந்ததற்குச் சான்று கொடுத்தால் மீதி நடக்கும். துறப்புத் தாளில் கையெழுத்துப் போடும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன். நாடில்லாதவராகவே பிறந்து வளர்ந்த அவருக்கு 2003-ல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது. எனக்கு அப்போது 15 வயது. அடையாள அட்டை வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினார். அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கிற நாளுக்கும் உங்கள் சான்றிதழ் என் கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் எனக்கு எந்த நாடும் இல்லை. என் குடும்பம் அப்படி ஐம்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறது. அந்த இடைவெளியில் என் கோப்பை யார் மேசையிலும் கிடக்க விடாதீர்கள்.

பதிவு செய்வதற்கு முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள வாசகத்தை மகளின் டீச்சர் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார், பால் காய்ச்சும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். இந்திய அரசியலமைப்பின்மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், இந்தியாவின் சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன், குடிமகளாக என் கடமைகளை நிறைவேற்றுவேன். மூன்று சொல்லின் வாலிலும் நான் இருக்கிறேன். அதைத் தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்டு ஒரு மனு எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குளத்துப்புழையிலிருந்து ஒரு விண்ணப்பதாரர்