சொல்வதை எழுதும் நோட்டை இன்னொரு முறை புரட்டுங்கள்
(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவனுக்கு டிஸ்லெக்ஸியா என்கிற கற்றல் குறைபாடு இருப்பது ஏழாம் வகுப்பில்தான் எங்களுக்குத் தெரிந்தது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவனுடைய மூன்றாம் வகுப்பு 'சொல்வதை எழுதுதல்' நோட்டு கிடைத்தது. அதைப் புரட்டிய அன்று ராத்திரியே இந்த மடலை எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒரு பக்கத்தில் பத்துச் சொற்கள். கொக்கு என்பதை 'கெக்கு' என்று எழுதியிருக்கிறான். கோழி, 'கேழி'. தம்பி, 'தபி'. பந்து, 'பது'. வண்டி என்ற சொல் அந்த வாரத்தில் மூன்று முறை வருகிறது. ஒருமுறை 'வடி', ஒருமுறை 'வன்டி', ஒருமுறை சரியாகவே எழுதியிருக்கிறான். தப்பானவை எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. கீழே 'கவனம் இல்லை, 10 தடவை எழுதவும்'. அடுத்த பக்கத்தில் பத்துத் தடவையும் எழுதியிருக்கிறான், ஆறாவது தடவையிலிருந்து மறுபடி தப்பு.

அந்தப் பக்கத்தை நானும் அப்போது பார்த்தேன், கையெழுத்தும் போட்டேன். அதனால் இதை எழுதும்போது உங்களை மட்டும் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் இப்போது பார்க்கும்போது அந்தத் தப்புகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிகிறது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தில் காலை விட்டுவிடுகிறான். சொல்லின் நடுவில் வரும் மெல்லின மெய்யைத் தொலைத்துவிடுகிறான். கவனமில்லாத பிள்ளை கண்ட இடத்தில் தப்பு விடும். இவன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்திருக்கிறான்.

நம் எழுத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'கொ' என்று நீங்கள் சொன்னால் காதில் முதலில் விழுவது க். ஆனால் கை முதலில் போட வேண்டியது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காது கேட்ட வரிசை வேறு, கை எழுத வேண்டிய வரிசை வேறு. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே க, மூன்றிலும் வேறு ஒலி. ல, ள, ழ தொல்லை தனி. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் அறியாமலே கடந்துவிடுகிறார்கள். ஒரு சொல்லை ஒலிகளாக உடைத்து, அந்த ஒலிகளை எழுத்தோடு இணைக்கும் வேலை சில பிள்ளைகளின் மூளைக்கு இயல்பாக வருவதில்லை. டிஸ்லெக்ஸியாவின் அடிப்படை அதுதான். கண்ணில் கோளாறு இல்லை, அறிவில் குறைவும் இல்லை. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்து வாசிக்க மட்டும் முடியாத ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய விஷயம் இது.

"பையன் வாய் நல்லா பேசுறான்மா. கதை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்றான். எழுதச் சொன்னாத்தான் சோம்பேறித்தனம்" என்று ஒரு டீச்சர் என்னிடம் சொன்னார். நல்ல டீச்சர், என் பையன் மேல் உயிராக இருந்தவர். அவர் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. அவற்றுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் அடையாளம். அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தெரியாததற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி. வாசிப்புப் பாடவேளை உள்ள நாட்களில் சாப்பிட்டது தங்காது. ஸ்கேன் எடுத்தோம், குடல்புழு மருந்து கொடுத்தோம், கோயிலில் மந்திரித்தோம். ஆறாம் வகுப்பில் எதிர்த்துப் பேச ஆரம்பித்தான். முரடன் என்று பெயர் வாங்கினான். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தட்டுத் தடுமாறி வாசிப்பதைவிட அடி வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான்.

ஏழாம் வகுப்பில் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்தான் அவனைத் தனியே உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசினார். அப்புறம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். முதலில் காது, கண் பரிசோதனை, பிறகு அறிவுத்திறன் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு. முடிவைச் சொன்னபோது என் கணவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் போய்க் கூப்பிட்டேன். "எனக்கும் இப்படித்தான்" என்றார். பதினாறு வருஷக் குடித்தனத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் "நீயே படி, கண்ணாடி இல்ல" என்று என்னிடம் நீட்டியவர். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' ஒன்று, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் சிக்கல் தரும் ஆட்டிசமும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு என்பதையெல்லாம் அந்தச் சட்டமே பேசுகிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது ஆசிரியர்களே முதல் கட்டமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. முதலில் பார்க்க வேண்டியவர் டாக்டர் இல்லை, நீங்கள்தான். ஆனால் நான் பார்த்தவரை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் பெற்றோர் சான்றிதழுக்காக ஓடுகிறார்கள். சான்றிதழ் மதிப்பெண்ணைக் காப்பாற்றலாம். நடுவில் போன ஏழு வருஷத்தை என்ன செய்வது?

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருகிறவர்கள் அவர்கள். பல், கண், ரத்தசோகை பார்த்துவிட்டுப் போவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. அந்தத் திட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டிய 30 வகை நோய், குறைபாடுகளில் கற்றல் குறைபாடும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச் செயல்பாடும், ஆட்டிசமும் உண்டு. ஆனால் ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளையும் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் வகுப்பு மூன்றாவது பெஞ்சுப் பையன் எப்படித் தெரிவான்? நீங்கள் பெயர் சொன்னால்தான் உண்டு.

ஏ.டி.எச்.டி. என்றதும் துறுதுறுவென்று ஓடும் பையன்தான் நினைவுக்கு வருவான். சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பென்சிலைத் தொலைத்து, பாதிக் கணக்கில் நிறுத்திவிடும் பெண் பிள்ளையும் அதில் சேர்த்திதான். யாருக்கும் தொந்தரவு தராததாலேயே அவளை யாரும் அனுப்புவதில்லை. தயவுசெய்து அவளையும் பாருங்கள்.

குறைபாட்டின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் வேலையும் இல்லை. ஒரே வகைத் தப்பு மாதக் கணக்கில் மாறாமல் வந்தால் அந்த நோட்டைத் தனியே எடுத்து வையுங்கள். அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, தப்பு எந்த இடத்தில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நாங்கள் மறுப்போம், கோபப்படுவோம், "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்போம். அப்புறமும் இன்னொரு முறை கூப்பிடுங்கள். அதுவரை அவனை எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்க வைக்காதீர்கள். கேள்வியை வாயால் கேட்டுப் பதிலை வாயால் வாங்குங்கள். பத்துத் தடவை எழுதச் சொல்வதற்குப் பதிலாக ஒரு தடவை, ஒலியைப் பிரித்துச் சொல்லிக்கொண்டே மணலிலோ அரிசியிலோ விரலால் எழுத வையுங்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு மருந்து மாத்திரை கிடையாது. இப்படி நிதானமாக, வரிசையாக, காதும் வாயும் கையும் சேர்ந்து பழகுவதுதான் வழி. என் மகன் அப்படித்தான் பன்னிரண்டு வயதில் 'கொ' எழுதக் கற்றுக்கொண்டான். எட்டு வயதில் தொடங்கியிருந்தால் இன்னும் சுலபமாக வந்திருக்கும் என்று அந்தப் பயிற்றுநர் சொன்னார்.

நாற்பது பிள்ளைகள், இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியர், அதற்கு மேல் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். உங்கள் சுமை எனக்குத் தெரியும். என் கடைக்கு ரவிக்கை தைக்க வரும் டீச்சர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒருவரிடம் அந்தப் பழைய நோட்டைக் காட்டினேன். அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தார். அளவு கொடுக்க மறந்துவிட்டார். "இதே மாதிரி ரெண்டு பேர் என் வகுப்புல இருக்காங்கக்கா" என்று சொல்லி, நோட்டைத் தன் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அவர் திருப்பித் தந்ததும், வேறு யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் அம்மா