‘விரும்பத்தக்கது’ என்று மட்டும் போடாதீர்கள்: உடலியங்கியல் துறைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உடலியங்கியல் (பிசியாலஜி) துறைக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கப் போகிறீர்கள். விளம்பரத்தைப் பார்த்தேன். ‘இடம் 1. நரம்பியல் ஆய்வில் அனுபவம் விரும்பத்தக்கது.’ அவ்வளவுதான். அந்த ‘விரும்பத்தக்கது’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முப்பது ஆண்டுக்கு மேல் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வெளியிலிருந்து வரும் மூன்று பாட வல்லுநர்களில் ஒருவனாகப் பல நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் காபி, முந்திரிப் பக்கோடா, ஒரு பூங்கொத்து. மதியச் சாப்பாட்டுக்குள் பதினெட்டுப் பேரைப் பார்த்து முடிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதிலும் பாதி அசல் சான்றிதழ் சரிபார்ப்பதில் போய்விடும்.

அப்படி ஒரு நாளில் ஒரு பெண் வந்தார். முதுகலை விலங்கியல், முனைவர் பட்டம் எலி மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில், பிறகு வெளிநாட்டில் நான்கு ஆண்டு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. கட்டுரை இரண்டே இரண்டு. நரம்பணு ஒன்றின் மின்துடிப்பைத் தான் எடுத்த பதிவை அச்செடுத்து மேசைமேல் வைத்தார். இரைச்சலே இல்லாத சுத்தமான கோடு, நடுவில் அந்த நரம்பணு துடிக்கும்போது எழும் கூர்முனைகள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் இருந்த உறுப்பினர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “எம்.எஸ்சி. ஜுவாலஜிதானேம்மா? இது பிசியாலஜி போஸ்ட்.” “சார், பிஎச்.டி. முழுக்க எலக்ட்ரோபிசியாலஜிதான் சார்.” “அது சரி. பேப்பர் ரெண்டுதானே இருக்கு?”

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் மற்றவர்களோடு சேர்ந்து கையெழுத்தும் போட்டேன். வேலை கிடைத்தவருக்குக் கட்டுரைகள் பத்தொன்பது. நல்ல ஆசிரியர்; அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துறையில் நரம்பணுவில் பதிவெடுக்கும் கருவி இன்றும் துணி போர்த்தித்தான் கிடக்கிறது. அதை இயக்க ஆள் வேண்டும் என்றுதான் அந்த இடத்தையே கேட்டு வாங்கியிருந்தார்கள்.

பழியைத் தூக்கி விதிமுறைமேல் போடுவது சுலபம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொடுத்த மதிப்பெண் அட்டவணை உங்கள் எல்லோரிடமும் இருக்கும். இளங்கலையில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்திருந்தால் 15. முதுகலையில் அதே அளவுக்கு 25. முனைவர் பட்டத்துக்கு 30. எந்தப் பட்டமானாலும் ஒரே 30. கட்டுரை ஒன்றுக்கு 2, மொத்தம் 10க்கு மேல் இல்லை. கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, அதுவும் 10தான். ஆக, இருபது இருபத்திரண்டு வயதில் எழுதிய பரீட்சைக்கு 40, அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வகத்தில் செய்ததற்குப் பட்டம் போக 20. கிராமத்திலிருந்து வந்து, முதல் இரண்டு ஆண்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டி இளங்கலையில் 58 சதவீதம் வாங்கியவர் அங்கேயே 5 மதிப்பெண் பின்தங்கிவிடுகிறார். 69 சதவீத இடஒதுக்கீட்டால் தரம் போகிறது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

சரி, அட்டவணை நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்தே என்று அதே விதிமுறை சொல்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் தாள் எல்லார் முன்னாலும் கிடக்கும்போது எந்தக் கண் வேறு பக்கம் போகும்?

1952இல் பிரிட்டிஷ் உடலியங்கியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழை. காசிமேட்டில் கடம்பா என்று விற்பார்களே, அதன் உறவு. ‘ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’யில் அந்த ஆண்டு வந்தவை ஐந்து கட்டுரைகள். நம் அட்டவணைப்படி ஐயிரண்டு பத்து. அப்பாடா, முழு மதிப்பெண்! எவரோ ஐந்து கட்டுரையில் ஆறாவது பெயராக நின்றாலும் அதே பத்துதான். இன்னொன்று: அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை 1949 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் எடுத்தவை. கணக்குப் போட்டு எழுதி முடிக்க மூன்று ஆண்டு. நடுவில் 1951இல் அவர்கள் நம்மிடம் விண்ணப்பித்திருந்தால், பின்னால் 1963இல் நோபல் வாங்கித் தந்த அந்த வேலைக்கு நாம் போட்டிருக்கக்கூடியது பூஜ்யம்.

‘விலங்கியல் படித்தவருக்கு இங்கே என்ன வேலை’ என்ற கேள்விக்கும் வருகிறேன். முதுகலை ‘தொடர்புடைய அல்லது ஒட்டிய’ பாடத்தில் இருந்தால் போதும் என்றுதான் விதி. எது ஒட்டியது என்று முடிவெடுப்பது நீங்கள். நரம்பியலும் உடலியங்கியலும் தனித்தனி வீடு என்று யார் சொன்னது? பி.கே. ஆனந்த் 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரோபெக்குடன் சேர்ந்து, எலி மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸில் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தால் அது சாப்பாட்டையே விட்டுவிடுகிறது என்று காட்டினார். பசி வயிற்றிலா மூளையிலா என்ற கேள்விக்கு அது ஒரு பெரிய பதில். அவர்தான் பிறகு தில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டினார். நுரையீரலிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழைகளில் பதிவெடுத்து ‘ஜே’ ஏற்பிகள் என்னும் உணர்முனைகளைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டு உடலியங்கியலாளர் பெயின்டல். இவர்கள் இருவரும் மருத்துவம் படித்தவர்கள். இன்றைக்கு அதே வேலையைச் செய்கிறவர்கள் விலங்கியல், இயற்பியல், பொறியியல் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கருவின் மூளைப் படத்தொகுப்பில் 5,132 வெட்டுத்தளங்கள் உண்டு. மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின் கீழ் உட்காராமல் அது வந்திருக்காது.

இனி, ஆள் வந்த பிறகு. பெரும்பாலும் இங்கேதான் நாம் ஆளை இழக்கிறோம்.

ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் என்கிற வேலையைச் சொல்கிறேன். எலியின் மூளையை 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) தடிமனில் சீவி, வாயுக் குமிழ் விட்ட உப்புக் கரைசலில் உயிரோடு வைத்திருப்போம். ஓரிரு மைக்ரான் வாயுள்ள கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரே ஒரு நரம்பணுமேல் கொண்டுபோய் வைத்து, மறுமுனையை வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். பிடித்துவிட்டால் பிகோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் தெரியும். ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சீவிய துண்டு சில மணி நேரம்தான் தாங்கும். நாள் முழுக்க உட்கார்ந்தால் நாலைந்து செல் தேறும். சில நாள் ஒன்றுமே தேறாது.

எனக்குக் கிடைத்த முதல் அறையில் மூன்று மாதம் திரையில் தெரிந்தது மின்கம்பியிலிருந்து வரும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் அலை மட்டும்தான். ட்யூப் லைட்டை அணைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டுக்குள் கூண்டு வைத்தேன். கடைசியில் துறை எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்து, “சார், இந்தக் கட்டடத்துல எர்த்தே இல்ல” என்றார். அவரே பின்வராந்தாவுக்கு வெளியே குழி வெட்டி, எட்டடிக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். “வெயில் காலத்துல வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்திடுங்க சார்.” மறுநாள் அலை போய்விட்டது. என் ஆய்வு வாழ்க்கை தொடங்கியது அந்தக் குழியில்தான். பணி ஆணையில் அல்ல.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நரம்பணுவில் பதிவெடுக்கத் தெரிந்தவர் வேண்டுமென்றால் அதை விளம்பரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘விரும்பத்தக்கது’ யாரையும் வேலைக்கு எடுக்க உதவாது, யாரையும் கழித்துக்கட்டத்தான் உதவும். விண்ணப்பத்தோடு அவரவர் சிறந்ததென்று கருதும் இரண்டு கட்டுரைகளை மட்டும் வாங்கி, வல்லுநர்களுக்குப் பத்து நாள் முன்பே அனுப்புங்கள். படிக்காமல் வருகிற வல்லுநரைக் கூப்பிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். இறுதியில் ஐந்து பேரை அழைத்து அரை நாள் கொடுங்கள். கரும்பலகை முன்னால் நிறுத்தி, அடுத்த ஐந்து ஆண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று துறை மாணவர்கள் கேட்கட்டும். தமிழில் பதில் சொன்னால் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு விதியில் இடமில்லை என்று பதிவாளர் அலுவலகம் சொல்லும். இருக்கிறது. கருத்தரங்க உரையோ வகுப்பறைப் பாடமோ நடத்தச் சொல்லி ஆளை மதிப்பிடலாம் என்று அதே யுஜிசி விதிமுறையே சொல்கிறது.

பணி ஆணையோடு இன்னொரு தாளும் தாருங்கள்: எந்த அறை, எர்த் உண்டா, யுபிஎஸ் எத்தனை கேவிஏ, விலங்குக் கூடத்தின் அரசுப் பதிவு நடப்பில் இருக்கிறதா, விலங்கு நெறிமுறைக் குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடும். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைத் தொட முடியாது. ஒன்றிய அரசின் ஆய்வு நிதி அமைப்பான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் நிதி மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை தருகிறது. நிதி வந்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும்; அறைக்குச் சாவி கொடுக்க நீங்கள் ஒன்றரை ஆண்டு எடுத்தால் மிச்சத்தில் அவர் என்ன செய்வார்?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்னும் வரவில்லை. விளம்பரத்துக்குத் திருத்தம் வெளியிட நேரம் இருக்கிறது. வாசகத்தை எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறேன். அறையைப் பார்க்கக் கூப்பிட்டாலும் வருகிறேன், பயணப்படி வேண்டாம். முதலில் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்ப்பேன், தடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் பேராசிரியர் ஒருவர்