கரண்டிப் பட்டறையில் வேலை பார்த்த சாமியார்

இயேசு மரி சூசை

நியூ ஹேவன், கனெக்டிகட்
16 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறாய், அங்கே சாமியார்கள் எப்படி என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாற்பது வருடம் உபதேசியாராக இருந்த உங்களுக்கு அப்படிச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

நான் போவது ஹில்ஹவுஸ் வீதியில் இருக்கும் மரியன்னை ஆலயம். இரவு டியூட்டி முடிந்து நடந்தே போய்விடலாம். இருபுறமும் பெரிய மரங்களும், ஒரு காலத்தில் செல்வந்தர்கள் குடியிருந்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்துவிட்ட மாளிகைகளுமாக இருக்கிறது அந்த வீதி. இந்த ஊரின் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஆலையில் கூலி வேலை செய்தும், பெரிய வீடுகளில் சமையல் செய்தும் சேர்த்த காசில் 1870களில் இங்கே கோயில் கட்டியபோது அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். கத்தோலிக்கக் கோயில் ஒன்று வந்து கனவான்களின் வீதிக்குக் களங்கம் ஏற்படுத்திவிட்டது என்று 1879இல் நியூயார்க் டைம்ஸ் செய்தியே வெளியிட்டது. கோயிலின் மேல் ஏறியிருந்த கடனையும் அந்தச் செய்தி பெரிதாகப் பேசியது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். வந்த இடத்திலும் அவர்களை யாரும் வரவேற்கவில்லை. 1855இல் இதே கனெக்டிகட்டின் ஆளுநர், ஐரிஷ்காரர்கள் இருந்த குடிப்படை (சாதாரணக் குடிமக்கள் சேரும் படை) பிரிவுகளைக் கலைத்துவிட்டார். அந்த நிலையில் அவர்களுக்காக அதிகாரிகளிடம் பேசவும், படிக்காதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கவும், வேலைக்குச் சிபாரிசு செய்யவும் சாமியாரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

அப்படிப்பட்ட ஒரு சாமியாரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். பெயர் மைக்கேல் மெக்கிவ்னி. பெற்றோர் அயர்லாந்தின் கேவன் பகுதியிலிருந்து வந்தவர்கள். அப்பா வாட்டர்பரி என்ற ஊரில் பித்தளை ஆலையில் வார்ப்பு வேலை செய்தவர். 1852 ஆகஸ்ட் 12இல் மைக்கேல் மூத்தவராகப் பிறந்தார். அவரோடு சேர்த்து 13 பிள்ளைகள். அவர்களில் ஆறு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பை முடித்ததும் இவரும் பித்தளை ஆலைக்குப் போய்க் கரண்டி செய்யும் பட்டறையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகுதான் குருமடம். நடுவில் 1873இல் அப்பா இறந்துவிட, குடும்பத்தைத் தாங்க வேண்டியவர் என்ற நிலையில் வீட்டுக்குத் திரும்பினார். ஆயரின் உதவி கிடைத்ததால்தான் பால்டிமோர் குருமடத்தில் படிப்பைத் தொடர முடிந்தது. 1877 டிசம்பர் 22இல் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்த பேராயர் கிப்பன்ஸும் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர்தான். பிற்காலத்தில் கர்தினாலாகி, தொழிலாளர் சங்கம் ஒன்றைத் திருச்சபை கண்டிக்கக் கூடாது என்று ரோமாபுரி வரை வாதாடியவர்.

மெக்கிவ்னி துணைப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தது இந்த மரியன்னை ஆலயத்துக்குத்தான். அந்தக் காலத்தில் ஆலை விபத்திலோ நோயிலோ வீட்டுத் தலைவர் இறந்துவிட்டால் அந்தக் குடும்பம் சிதறிப்போகும். பிள்ளைகளைப் பராமரிக்க வழியிருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட முடியாவிட்டால் தாயிடமிருந்தே அவர்களைப் பிரித்துவிடக்கூடும். அப்படித் தவித்த ஒரு விதவையின் மகனுக்குக் காப்பாளராக இவரே நீதிமன்றத்தில் பொறுப்பேற்றிருக்கிறார். உதவிச் சங்கங்கள் அப்போது நிறைய இருந்தன. ஆனால் அவற்றில் பல, திருச்சபை தடைசெய்த இரகசியச் சங்கங்கள். சோற்றுக்காக விசுவாசத்தை விட வேண்டிய நிலை. எனவே 1881 அக்டோபரில் கோயிலின் அடித்தளத்து அறையில் சில ஆண்களைக் கூட்டி, கத்தோலிக்கர்களுக்கென்றே ஒரு சங்கம் வேண்டும் என்று பேசினார். பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் போய் அங்கிருந்த சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்தார். 1882 மார்ச் 29இல் மாநிலச் சட்டமன்றம் அங்கீகரித்த அந்தச் சங்கம்தான் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ். கொலம்பஸின் பெயரை வைத்ததற்குக் காரணம் உண்டு: அமெரிக்காவுக்கு வழி திறந்தவரே ஒரு கத்தோலிக்கர்தான், நாங்கள் இங்கே அந்நியர் இல்லை என்று சொல்லத்தான்.

ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் போட்டு, 1,000 டாலர் வரை அவர் குடும்பத்துக்குக் கொடுப்பது ஆரம்பகால ஏற்பாடு. தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்டில் ஆச்சி வள்ளத்தையும் வலையையும் விற்றுக் கடனடைத்ததாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது தலைக்கு ஒரு ரூபாய் போட நமக்கு யாராவது இருந்திருந்தால் நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டீர்கள். தகப்பனை இழந்த வீட்டின் நிலையை அனுபவித்தவரால்தான் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே 1882இல்தான், ஊர்ப் போலீஸ் தலைவர் ஒருவரைக் குடிபோதையில் சுட்டுக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த இருபத்தொரு வயது ஐரிஷ் இளைஞனைச் சிறையில் போய்ப் பார்த்து வந்தார். அவனோடு ஜெபித்தார், அவனுக்காகப் பங்கு மக்களையும் ஜெபிக்கச் சொன்னார். செப்டம்பர் 1இல் தண்டனை நிறைவேறியது. கடைசி நாட்களில் கலங்கி நின்றவர் சாமியார்தான், ஆறுதல் சொன்னவன் சாகப் போகிறவன் என்று இங்கே சொல்கிறார்கள்.

1884இல் அவரைக் கடிகார ஆலைகளுக்குப் பெயர்பெற்ற தாமஸ்டனுக்குப் பங்குத்தந்தையாக அனுப்பினார்கள். உலகமெங்கும் இன்ஃபுளுயன்சா விஷக்காய்ச்சல் பரவிய 1890இல் நிமோனியா கண்டு ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். முப்பத்தெட்டு வயது முடிந்து இரண்டே நாள். அவருடைய தம்பிகளில் இருவரும் குருக்களானார்கள். சங்கம் இன்று ஏறத்தாழ இருபது லட்சம் உறுப்பினர்களோடு இதே ஊரில், நான்கு மூலையிலும் உருளை வடிவக் கோபுரம் வைத்த உயரமான கட்டடத்தில் இயங்குகிறது. 2020 அக்டோபர் 31இல் ஹார்ட்ஃபோர்டில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாமியார் என்றால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று இந்த மக்கள் வைத்திருந்த அளவற்ற மரியாதையின் மறைவில்தான், குருக்கள் சிலர் குழந்தைகளுக்குக் கொடுமை செய்தார்கள். மேலிடமும் அதை மூடி மறைத்தது. 2002இல் பாஸ்டனில் அது வெளிவந்தபோது தாங்கள் அழுததை இங்குள்ள முதியவர்கள் என்னிடம் சொன்னார்கள். அவர்களில் பலர் இன்னும் கோயிலுக்கு வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வராதவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

மெக்கிவ்னி சாமியாரின் உடல் இப்போது மரியன்னை ஆலயத்தின் பின்பகுதியில், மெருகேற்றிய கல் பேழையில் இருக்கிறது. மூன்று நாளைக்கு முன் அவருடைய திருநாள். பூசை முடிந்தபின் வாட்டர்பரியிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர், கைத்தடியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, செபமாலையை அந்தக் கல்லின் மேல் வைத்து எடுத்து, உடன் வந்த பேரனின் நெற்றியில் தொட்டார். நம் ஊரில் சப்பரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலவே இருந்தது. நானும் என் செபமாலையை வைத்து எடுத்தேன். கல் சில்லென்று இருந்தது.

அந்தச் செபமாலையை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். தாத்தாவுக்குக் கல்லறை இல்லாததால் ஆச்சியின் கல்லறையில் வைத்து இருவருக்குமாக ஜெபித்துவிட்டு, அம்மாவிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்