டிஸ்சார்ஜ் தாளில் விடுபடுபவை: முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

இடுப்பு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் தட்டு) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "காய்ச்சல், சீழ் இருந்தால் வரவும்." அது போதாது.

டிஸ்க் இடைவெளியில் பிடிக்கும் தொற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்வலி விட்டு, நடமாடத் தொடங்கிய சில வாரங்களில் நடு இடுப்பில் புதிதாக ஒரு வலி கிளம்பும். படுக்கையில் புரண்டாலே உயிர் போகும். தையல் போட்ட இடமோ சுத்தமாக ஆறியிருக்கும். காய்ச்சலும் பலருக்கு வராது. கிருமி இருப்பது தோலில் அல்ல, ரத்த ஓட்டம் குறைந்த டிஸ்குக்குள். தசைப்பிடிப்பு என்று சொல்லி வலி மாத்திரையை மாற்றிக் கொடுத்து நாள் கடத்துவது இங்கேதான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஆபரேஷனுக்குப் பின் 2, 3 நாளில் உச்சம் தொட்டு, சுமார் 2 வாரத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான இ.எஸ்.ஆர். இறங்க இன்னும் பல வாரம் ஆகும் என்பதால் தொடக்கத்தில் அதை நம்பிப் பயனில்லை. நோயாளியின் நிலை தாங்குமென்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தக் கல்ச்சரும் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) டிஸ்க் பயாப்சியும் (டிஸ்கிலிருந்து சிறு துணுக்கு) எடுத்துவிடுவது நல்லது. மருந்து ஏறிய பிறகு கிருமி சிக்குவது கடினம்.

அடுத்தது சிறுநீர். மயக்க மருந்தாலும் வலி மருந்தாலும் முதல் நாள் சிறுநீர் அடைப்பது சகஜம். அதனாலேயே ட்யூபைப் போட்டுவிட்டு யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. உள்ளே ரத்தம் கட்டி, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புக்கொத்தை அழுத்தினாலும் இதே அடைப்புத்தான் வரும். கழுவும்போது ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி தெரிகிறதா, கால் பலம் குறைந்துகொண்டே போகிறதா என்று கேளுங்கள். பதில் சந்தேகத்தைக் கிளப்பினால் அன்றே, அப்போதே எம்.ஆர்.ஐ.; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகும் இது வரலாம் என்பதைத் தாளில் எழுதுங்கள்.

நரம்புகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நீரையும் மூடியிருக்கும் டியூரா உறை ஆபரேஷனில் கிழிந்து தைத்திருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது, காயத்தில் போட்ட கட்டின்மேல் தண்ணீர்போல ஈரம் என்று வருகிறவருக்கு, விவரம் தெரியாத டியூட்டி டாக்டர் ஒற்றைத் தலைவலி மாத்திரை எழுதிவிடுவார்.

அதே காலில் பழைய வலி திடீரென்று திரும்புவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் தலா ஒரு வரி வேண்டும். எல்லாம் நோயாளி படிக்கும் மொழியில், இரவிலும் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணோடு.

இப்படிக்கு,
அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பில் இருப்போர்