சிவப்புக் கை

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக 1968இல் தொடங்கிய விசேட ஒலிம்பிக்கில் கையில் ஒரு பொருளுடன் இசைக்கேற்ப அசையும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸும் உண்டு. பந்து, வளையம், றிபன் என ஒவ்வொன்றுக்கும் அசைவுகளின் ஒழுங்கை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே மனதில் பதித்துச் செய்ய வேண்டும்.

என் மகள் வீட்டு ஹோலில் வீடியோ பார்த்துத்தான் பழகுகிறாள். திரையில் இருப்பவர் வலக்கையால் பந்தை உருட்டினால், எதிரே நிற்கும் இவள் இடக்கையை நீட்டுவாள். திருத்தினால் கோபம் வேறு! கடைசியில் வலது மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டி, "சிவப்புக் கை" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் அந்தக் குழப்பம் இல்லை. என்ன, கடற்கரைப் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் பந்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவிடுவாள்.

எங்களுக்குக் கிடைத்த வீடியோவில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவளுக்குப் புரிவதோ தமிழ் மட்டும். செய்து காட்டுபவரை முதுகுப்புறமிருந்து படம்பிடித்து, "உருட்டு, பிடி, திரும்பு" என்று தமிழிலும் சிங்களத்திலும் குரல் கொடுத்தால் போதும், மிச்சத்தை வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். விளையாட்டுத்துறை அமைச்சு இதைச் செய்து தருமா?

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.