விறகு வாங்காதே, சேது

திருவையாறு,
ஆவணி 20

அன்புள்ள சேது,

நலம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பாப்பா தலைப்பிரசவத்துக்கு ஊருக்கே வருகிறாள் என்று படித்ததும் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடி சத்தமாக வாசித்தேன். நாள் பார்த்தால் மார்கழி நடுவில் வருகிறது. நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதே.

இங்கே எங்கள் பக்கம் குறுவை அறுப்பு நெருங்குகிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் காலையில் ஆற்றங்கரை வரை நடக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும், காஸ் கட்டுப்படியாகாது, ஒரு வண்டி சவுக்கு விறகு வாங்கிப் போட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். வாங்காதே, சேது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று வை. அதன் சூட்டை 30 டிகிரி கூட்ட 1,500 கிலோ கலோரி போதும். காஸ் அடுப்பில் போகிற சூட்டில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பாத்திரத்தில் ஏறிவிடும். அதனால் 230 கிராம் காஸ் போதும், 14.2 கிலோ சிலிண்டர் வெந்நீருக்கு மட்டும் இரண்டு மாதம் வரும். கொல்லையில் மூன்று கல் வைத்து விறகு எரித்தால் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடப் போனால் எட்டில் ஒரு பங்குதான் அண்டாவுக்குப் போகிறது. மிச்சம் காற்றோடு போச்சு. காய்ந்த விறகே மூன்றரை கிலோ வேண்டும். ஆக ஒரு கிலோ காஸுக்கு ஈடுகட்டப் பதினைந்து கிலோ விறகு. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காஸ் கிலோ 63 ரூபாய். விறகு கிலோ நாலு ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் உனக்கு லாபம். உங்கள் பக்கத்து வாடியில் அந்த விலைக்குத் தருகிறார்களா என்று கேட்டுப் பார்.

அதுவும் காய்ந்த விறகாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நான் பட்டதைச் சொல்கிறேன். அம்மா படுக்கையில் இருந்த வருஷம், ஐப்பசியில் அவசரமாக ஒரு வாடியிலிருந்து சவுக்கு இறக்கினேன், கிலோ ஏழு ரூபாய் என்று. மழையில் கிடந்த கட்டை. அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை கக்கி உஸ்ஸென்று சீறும். எரிகிற சூடெல்லாம் கட்டைக்குள் இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே சரியாகப் போகிறது. வீடெல்லாம் வெள்ளைப் புகை, அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். சந்தேகப்பட்டு ஒரு கட்டையை நிறுத்தேன், 4 கிலோ. அதைத் தனியே தாழ்வாரத்துப் பரணில் போட்டுவைத்து, மாசியில் எடுத்து நிறுத்தால் இரண்டரை கிலோ. நான் ஏழு ரூபாய் கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்! காய்ந்த விறகின் உண்மையான விலை பதினோரு ரூபாய்க்கு மேல். அம்மாவின் அந்த இருமலை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உன்னிடம் அறுபது தென்னை இருக்கிறதே, அப்புறம் ஏன் வெளியே பார்க்கிறாய்? மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழும். மாதத்துக்கு அறுபது மட்டை, அதோடு பாளை, பன்னாடை, உரிமட்டை, கொட்டாங்கச்சி. கஜா புயலுக்குப் பிறகு நீ நட்ட கன்றெல்லாம் இப்போது காய்க்கின்றன என்று எழுதியிருந்தாய். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் சாய்ந்த மரங்களை உன்னோடு சேர்ந்து நானும் பார்த்தேன். அந்தத் துண்டுகளை அடுப்பில் வைத்து நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். தென்னை அடிமரம் வெளியே வைரம், உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், லேசில் எரியாது. தோப்பில் இன்னும் மிச்சம் கிடந்தால் அப்புறப்படுத்து. மக்குகிற கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். மட்டையும் கொட்டாங்கச்சியும் வேறு ஜாதி. காய்ந்த மட்டை சடசடவென்று பிடித்து எரியும். கொட்டாங்கச்சி முதலில் கொஞ்சம் கரும்புகை விட்டாலும், பிடித்துக்கொண்டால் தணல் வெகுநேரம் நிற்கும்.

அதற்கு ஏற்றது எங்கள் வீட்டுத் தாமிர பாய்லர்தான். நடுவில் குழாய், அடியில் சல்லடை, சுற்றிலும் தண்ணீர். நெருப்பு தண்ணீருக்கு நடுவிலேயே இருப்பதால் சூடு அவ்வளவாக வீணாகிறதில்லை. மேல் புனலில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். சின்ன வயதில் அந்த மூக்கில் விரல் வைத்துச் சுட்டுக்கொண்டவன் நீ! இருபது கொட்டாங்கச்சி போட்டால் காலை வேலை முடிந்துவிடும். வாசலில் வைக்கலாம், கொல்லையில் வைக்கலாம், புகை வீட்டுக்குள் வராது.

ரைஸ் மில் உமியைப் பற்றியும் கேட்டிருந்தாய். டன் நெல்லுக்கு 200 கிலோ உமி விழும். முன்பு அள்ளிக்கொண்டு போ என்பார்கள், இப்போது மில்காரர்களே பாய்லருக்கு எரிக்கிறார்கள், செங்கல் சூளைக்கும் போகிறது. சாதாரண அடுப்பில் அள்ளிப் போட்டால் நெருப்பு மூச்சு முட்டி அணைந்துவிடும். உமி அடுப்பில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கி, பாட்டிலைத் திருகி உருவி, அடிவாயில் தீ வைக்க வேண்டும். கிழடுகட்டைகள் பக்குவமாகச் செய்வார்கள். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், தூசு வேறு. பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மட்டையை இரண்டு முழமாகத் தறித்து, செங்கல் மேல் சட்டம் போட்டு, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் அடுக்கு. மேலே தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாய் போட்டுச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும். அதனால் வீட்டுக்கு மேற்குப் பக்கம் பார்த்து வை. சுவரை ஒட்டி வேண்டாம், கரையானும் பாம்பும் வரும். புரட்டாசி வெயில் ஒரு மாதம் பட்டால் போதும். தீ மூட்டப் பன்னாடை இருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போடுகிற பழக்கம் வீட்டில் யாருக்கும் வர விடாதே. வேலி வெட்டினால் அரளிக் கட்டை விறகில் கலக்காமல் பார்த்துக்கொள். அதன் புகை விஷம்.

கடைசியாக, இதைத் தங்கச்சியிடமும் சொல்லிவிடு. பிள்ளை பெற்ற அறையில் கணப்புச் சட்டியில் கரி போட்டு வைக்கலாம் என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாய். சேது, கூடவே கூடாது. கரி புகையாமல் எரிவதால் அபாயமில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்கு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். பனிக்கு பயந்து ஜன்னலையும் கதவையும் சாத்தியிருப்பார்கள். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நம் பக்கத்தில் மார்கழி இரவு 20 டிகிரி அளவுக்குத்தான் இறங்குகிறது. அதற்குப் பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, குழந்தைக்குக் குல்லா, தாய் பக்கத்தில் கதகதப்பு, இவை போதும். சாம்பிராணிப் புகையும் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. பெரியவர்கள் வற்புறுத்தினால் என் பெயரைச் சொல். நானே வந்து பேசுகிறேன்.

ஒரு சிலிண்டரை மட்டும் நிரப்பித் தனியாக வைத்திரு. நடுராத்திரி வலி எடுத்தால் மட்டை பற்றவைத்துக்கொண்டு நிற்க முடியாது.

எங்கள் பாய்லரில் சல்லடை அரித்துப் போயிருந்தது. கும்பகோணத்தில் பாத்திரக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், பத்து நாளில் தருகிறேன் என்றார். புரட்டாசி பிறந்ததும் நானும் இவளும் பஸ்ஸில் பேராவூரணிக்கு எடுத்து வருகிறோம். காசு தரட்டுமா என்று கேட்காதே, அது இங்கே பரணில் சும்மாதான் கிடந்தது. பாப்பாவுக்குப் புளிக்காய்ச்சல் பிடிக்கும் என்று இவள் இப்போதே புளி கரைக்கிற பேச்சில் இருக்கிறாள்.

அன்புடன்,
வைத்தி