சுழியம் காட்டும் டெஸ்ட் கிட்

அன்புள்ள ரவி,

கடிதமும் உன் கடல்நீர் மீன்தொட்டியின் படங்களும் கிடைத்தன. மகள் வேலையில் சேர்ந்த செய்தியை ஒரே வரியில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கமெல்லாம் பாசியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் படி ஏறும்போது மக்கர் செய்கிறது.

பாறைமேல் பச்சையாக இருப்பது முடிப்பாசி. மணல்மேல் செம்பழுப்பாகப் படர்ந்திருப்பது வேறு சங்கதி. அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. தோல் உரிவதுபோல ஏடாக வரும், அடியில் பொடிக் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். எனவே இரண்டுக்கும் ஒரே மருந்து என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதே.

பாசிக்கு உரமான பாஸ்பேட் தண்ணீரில் சுழியம் என்கிறது டெஸ்ட் கிட், பிறகு பாசி எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டிருந்தாய். சட்டியில் இருந்ததைப் பாசி வழித்துத் தின்ற பிறகு அகப்பையில் என்ன வரும்? கிட் அளப்பது தண்ணீரில் மிஞ்சியதை மட்டும்தான். பாசிக்குள் போனது அதில் தெரியாது. போதாததற்கு, உன் பாறைகள் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் மிகுந்திருந்த நாளில் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையக் குறையத் திரும்ப விடும். அதனால் ஒரே வாரத்தில் பலன் பார்க்க நினைக்காதே.

முதல் வேலை கைவேலைதான். தண்ணீர் மாற்றும் நாளில், எடுக்க முடிந்த பாறையை எடுத்துத் தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வை. நீளமானதைக் கையால் பிடுங்கு, மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய். இன்னொரு வாளியில் அலசிய பிறகே உள்ளே வை. தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து போய் வேறு இடத்தில் முளைக்கும். நகர்த்த முடியாத பாறை என்றால் சைஃபன் குழாயின் வாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பிடுங்கு, பிய்வது அப்படியே வெளியே போய்விடும். அலுப்பான வேலைதான். ஆனால் பாசி தின்ற பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அதனோடு வெளியேற இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியாது. மருந்தடித்துக் கொன்றால் அது அங்கேயே அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கும்.

நத்தைகளை அதற்குப் பிறகு விடு. வளர்ந்து தொங்கும் முடியைப் பெரும்பாலும் அவை சீண்டாது, மழித்த பாறையில் புதிதாகத் துளிர்ப்பதைத்தான் மேயும். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் கவிழ்ந்தால் பல சமயம் நிமிராது. டிரோக்கஸ் தானாகவே நிமிர்ந்துகொள்ளும், உன்னைப் போல அடிக்கடி வெளியூர் போகிறவனுக்கு அதுதான் சரி. பாசி மேய்வதற்காக சர்ஜன் மீன் வாங்கும் யோசனையை விட்டுவிடு. உன் தொட்டி அதற்குப் போதாது.

தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்த்தாயா? மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினைத் தாண்டி வரும் தண்ணீர் 0 காட்ட வேண்டும். ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்று. விளக்கு நேரத்தைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் அது வளர்ச்சியை மட்டுப்படுத்துமே தவிர ஒழிக்காது.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பாதி அளவில் தொடங்கு. சட்டென்று இறங்கினால் பவளங்கள் வெளிறும். கைவேலை முடிந்து பாசி ஒடுங்கியதும் கிட் காட்டும் அளவு ஓரளவு நம்பும்படி இருக்கும். அப்போது பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்., நைட்ரேட் 5 முதல் 10 என்று நின்றால் எனக்குப் போதும். இரண்டையும் துடைத்தெடுத்து நிஜமாகவே சுழியமாக்கிய தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பும். பழுப்பு நிறச் சளி, நுனியில் குமிழ், தின்ற நத்தைகூடச் செத்துப்போகலாம். அதற்கு முடிப்பாசியே தேவலை.

சம்ப்பில், அதான் வடிகட்டும் துணைத் தொட்டியில், ஒரு அறை காலியாக இருப்பதாக எழுதியிருந்தாயே, அதில் கீட்டோ போடலாம். அதுவும் பாசிதான், ஆனால் நாம் சொன்ன இடத்தில் வளர்ந்து பாஸ்பேட்டைத் தின்னும். அந்த அறையின் விளக்கை இரவில் எரியவிடு, இரவில் பி.ஹெச். இறங்குவதும் குறையும். வாரம் ஒரு பிடி அள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் வைத்துப் பயனில்லை. என்னிடம் நிறைய இருக்கிறது. அறையின் அளவை எழுது, அனுப்பிவைக்கிறேன். வந்ததும் குமிழ்ப்பாசி ஒட்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் போடு.

அன்புடன்,
சேகர்